ஏரிக்கு அடியில் ஒரு லைன்

கம்பெனிக்காரர் வந்த அன்று ஊர் மன்றத்தில் வாஃபிள் சுடுவது என் முறை. அதனால் அன்று நடந்ததை முழுவதுமாகப் பார்த்தவள் நான்தான். மற்றவர்கள் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பெயர் பிரேபென். ஆஸ்லோவிலிருந்து காரோட்டி வந்திருந்தார். நல்ல பிள்ளை. வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தார், நான் நீட்டிய வாஃபிளை மறுக்காமல் வாங்கிக்கொண்டார், பழுப்புச் சீஸைத் தடிமனாக வெட்டினார். பிறகு சுவரில் படம் காட்டி விளக்கினார். எங்கள் பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களுக்கு இன்டர்நெட் லைன் போட்டால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் அரசாங்கம் மாவட்டத்துக்குப் பணம் தருகிறது, மாவட்டம் அதை மானியமாகக் கம்பெனிக்குத் தருகிறது, கம்பெனி கண்ணாடி இழை பதித்து வீட்டுக்கு வீடு லைன் கொடுக்கிறது. ஊர்க்காரர்கள் பள்ளம் வெட்டியோ மரம் அகற்றியோ கொடுத்தால், அந்த உழைப்பு ஊரின் பங்காகச் சேரும். கூட்டுவேலைக்கு எங்கள் மொழியில் துக்னாட் என்று பெயர். அந்தச் சொல்லை அவர் சொன்னதும் மன்றத்தில் பல தலைகள் அசைந்தன. அது ஒன்றுதான் எங்களுக்குப் புரிந்த பகுதி.

காபி நிரப்பிக்கொள்ள வந்த பெர்கித் என் காதருகே குனிந்தாள். பெர்கித் கிழக்குக் கரையில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்.

"கரண்டை நம்ம ஊர்க்காரங்களே இழுத்துக்கிட்டு வந்தாங்க. டெலிபோனை அரசாங்கம் கொண்டாந்துச்சு. இப்போ காசு அரசாங்கத்தோடது, பேரு கம்பெனியோடது, பள்ளம் வெட்டுறது நாம. நல்லா இருக்கு தோர்டிஸ், உலகம் முன்னேறுது."

மியோவத்ன ஏரி நீண்டு ஒடுங்கியது. மேற்குக் கரையில் தேவாலயம், கடை, பள்ளிக்கூடம், மன்றம், ஊரின் எல்லா வீடுகளும். கிழக்குக் கரையில் மூன்றே மூன்று வீடுகள்: எங்களுடையது, பெர்கித்தினுடையது, மாடு வைத்திருக்கும் ஈவரினுடையது. கோடையில் படகு, குளிர்காலத்தில் ஏரிமேல் பனிக்கட்டி. இரண்டும் இல்லாத நாட்களில் ஏரியைச் சுற்றி ஒரு சாலை. மலைச்சரிவு அனுமதித்தால்.

எங்களுக்கு அந்த லைன் எவ்வளவு தேவைப்பட்டது என்பது அந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். ஒரு பதிப்பகம் எனக்குத் தொடர்ந்து வேலை தந்துவந்தது. முன்பெல்லாம் தாள்கள் தபாலில் வரும், தபாலில் போகும். பிறகு பழைய டெலிபோன் கம்பி வழியே எழுத்து மட்டும் வந்தது. அந்தக் கம்பியையும் நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து படங்களோடு முழுப் பக்கங்களையும் லைனில் இருந்தபடியே திருத்த வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதிப்பகம் தன்மையாகச் சொல்லியிருந்தது. என் கணவர் ஓஸ்முண்ட் சுரங்கச் சாலைகளுக்குப் பாறை உடைத்தவர். அந்தத் தூசி அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. ஆடுகளை முக்கால்வாசி விற்றாயிற்று. என் சம்பளமும் போனால் வீட்டை மூடிவிட்டு நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போவது தவிர வழியில்லை. அவருடைய தங்கை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஓஸ்முண்ட் ஒன்றுதான் சொன்னார்: "பால்கனி இருக்கு. அதுல நின்னா எதிர் வீட்டு பால்கனி தெரியுது."

இத்தனையும் இருந்தும், பிரேபென் படத்தை நிறுத்திவிட்டு, "கிழக்குக் கரையில யாருக்கெல்லாம் லைன் வேணும்? கை தூக்குங்க" என்று கேட்டபோது ஒரு கையும் எழவில்லை.

ஓஸ்முண்ட் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈவர் ஜன்னலைப் பார்த்தான். பெர்கித் காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். என் கையில் மாவுக் கரண்டி இருந்தது. பிரேபென் மறுபடியும் கேட்டார், கொஞ்சம் சத்தமாக, ஒருவேளை காதில் விழவில்லையோ என்று.

"பாக்கலாம்" என்றார் ஓஸ்முண்ட்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மனிதன் மற்றவர்கள் முன்னால் இதைவிட உறுதியாகத் தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் பொதுவான பணத்தில் மூன்று வீடுகளுக்காக ஏரியைத் தாண்டி லைன் இழுக்கச் சொல்வது. அதையும் எழுந்து கை தூக்கிக் கேட்பது. அப்படிச் செய்கிறவனைப் பற்றிக் கடையில் ஒரு வாரம் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். பேசாமல் இருப்பதுதான் தண்டனை. தேவை என்ன என்று ஊருக்குத் தெரியும், ஊர் சொல்லும் என்று நாங்கள் இருந்தோம். அவர்கள் வீட்டு விஷயம், அவர்கள் சொல்லட்டும் என்று ஊர் இருந்தது. பிரேபென் நன்றி சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வாஃபிளைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வசந்தம் முடிகிற சமயம், ஏரி திறந்து முதல் படகுகள் வந்த வாரத்தில், தார்யெய் எங்கள் படகுத்துறைக்கு வந்தான். மேற்குக் கரையில் மர அறுவை ஆலை வைத்திருப்பவன். அப்போது மன்றத்தின் தலைவரும் அவன்தான். ஓஸ்முண்டும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று படகைக் கட்டாமலே நின்றான்.

"மானியம் கெடைச்சிருச்சு" என்றான். "கம்பெனி வரைபடம் வந்திருக்கு. லைன் எங்க கரைப் படகுத்துறையோட நிக்குது."

ஓஸ்முண்ட் படகின் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"உங்களுக்கு வேணாம்னு எழுதியிருக்கான்யா."

"வேணாம்னு யாரு சொன்னா?"

"வேணும்னு யாரு சொன்னா?"

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு தார்யெய், காபி குடிக்காமலே துடுப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினான். எங்கள் ஊரில் காபி குடிக்காமல் ஒருவன் போனான் என்றால் அவன் வெட்கப்பட்டிருக்கிறான் என்று பொருள். யாரை நினைத்து வெட்கப்பட்டான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் ஓஸ்முண்ட் தொழுவத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறினார். கைபேசி அங்கே மட்டும்தான் பேசும். ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னாலேயே போனேன். பிரேபென் உண்மையாகவே திகைத்துப்போனார். இரண்டு தடவை கேட்டேனே, ஒருவரும் கை தூக்கவில்லையே, பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார், ஆஸ்லோவில் அதை வேண்டாம் என்பதற்குத்தானே சொல்வோம் என்றார். ஓஸ்முண்ட் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். மூச்சையும் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில், "வேணும்" என்றார். எங்கள் திருமணத்தில் பாதிரியார் கேட்டபோதுகூட அவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பிரேபென் கைவிடவில்லை. அதை நான் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். மானியத் தொகை முடிவாகிவிட்டது, ஒரு குரோன் காசுகூட ஏறாது. ஏரியில் கேபிள் போடும் கப்பலை இந்த மலைக்கு மேலே கொண்டுவரத்தான் அவ்வளவு செலவு. ஆனால் குளிர்காலத்தில் பனிக்கட்டியை நீளமாக அறுத்து, அந்தப் பிளவு வழியாகக் கேபிளை அடியில் இறக்கலாம், வடக்கே அப்படிச் செய்கிறார்கள். அறுப்பதையும் இறக்குவதையும் ஊர் தன் பங்காக ஏற்றுக்கொண்டால், கேபிளையும் ஆளையும் கம்பெனி அதே தொகைக்குள் தரும். மாவட்டத்திடம் பேசிவிட்டார். ஒரே நிபந்தனை: வரும் குளிர்காலத்திலேயே முடிய வேண்டும். அடுத்த கோடையில் வேலை முழுவதையும் கணக்கு முடித்து மூடுகிறார்கள்.

"எத்தன பேரு வேணும்?" என்று ஓஸ்முண்ட் கேட்டார்.

பதிலைக் கேட்டு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிளவு உறையாமல் கரைக்குக் கரை திறந்தபடி இருக்க வேண்டும். கேபிளை முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தி இறங்கினால் கேபிள் மடங்கும், உள்ளே இழை உடையும். ஊரில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் தேவை. கிழக்குக் கரையில் நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மாடிப்படி ஏற முடியாதவர், பெர்கித்துக்கு இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தது.

அந்தக் குளிர்காலம் வர மறுத்தது. டிசம்பரில் மழை பெய்தது. ஏரி ஓரங்களில் மட்டும் உறைந்து, காற்றடித்தால் உடைந்தது. ஓஸ்முண்ட் தினமும் காலையில் துறைக்குப் போய் ஒரு கம்பியால் தட்டிப் பார்ப்பார். தங்கை நகரத்திலிருந்து கூப்பிட்டு, அந்த வீட்டை இன்னொருவர் கேட்கிறார், முடிவு சொல் என்றாள். "பாக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு, "வேணாம். இப்போதைக்கு வேணாம்" என்றார். பழகிக்கொண்டிருந்தார்.

ஜனவரி நடுவில் குளிர் இறங்கியது. ஒரே வாரத்தில் ஏரி முழுவதும் மூடியது. இரவெல்லாம் அது முனகிக்கொண்டே தடித்தது. அதே மாதக் கடைசியில் மன்றத்தின் வருடாந்திரக் கூட்டம்.

அதற்கு முந்தைய நாட்களில் ஓஸ்முண்ட் சரியாகச் சாப்பிடவில்லை. பிளவு அறுப்பது அவருக்குப் பயமில்லை. மலைக்குள் வெடி வைத்தவர். கேட்பதுதான் பயம். மேற்குக் கரைக்காரர்களுக்கு இலையுதிர் காலத்திலேயே பள்ளம் வெட்டிக் குழாய் பதித்து வேலை முடிந்துவிட்டது. அந்த வேலைக்கு நாங்கள் மூன்று வீடும் போயிருந்தோம், எங்களுக்கு லைன் இல்லை என்று தெரிந்தும். போகாமல் எப்படி இருப்பது? இப்போது அதைக் காட்டிக் கேட்பது போல ஆகிவிடக் கூடாதே என்பது அவர் கவலை. தார்யெய்யிடம் தனியாகச் சொல்லுங்களேன் என்றேன். தனியாகச் சொன்னால் அவன் எனக்காகக் கேட்க வேண்டியிருக்கும், அது இன்னும் மோசம் என்றார்.

கூட்டத்தில் வரவு செலவு படித்தார்கள். கழிப்பறைக் கூரை ஒழுகுவதைப் பேசினார்கள். வேறு ஏதாவது உண்டா என்று தார்யெய் வழக்கம்போலக் கேட்டான். வழக்கம்போல யாரும் எதுவும் சொல்லாத இடம் அது. நாற்காலிகளைத் தள்ளும் சத்தம்கூடத் தொடங்கிவிட்டது. ஓஸ்முண்ட் எழுந்து நின்றார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கெழக்குக் கரை மூணு வீட்டுக்கும் லைன் வேணும்" என்றார். மூச்சு வாங்கினார். "ஏரியை அறுக்கணும். எங்களால ஆவாது. ஆள் வேணும்."

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் காதின் சிவப்பு கழுத்து வரை இறங்குவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனி நகரத்து பால்கனிதான் என்று ஒரு நொடி நினைத்தேன்.

தார்யெய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டான்.

யாரும் கை தட்டவில்லை. யாரோ பிப்ரவரி இரண்டாம் வாரம் சரிப்படும் என்றார்கள், அன்று பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்குப் போட்டி என்றார் இன்னொருவர், அதைத் தள்ளிவைக்கலாம் என்றார் தலைமையாசிரியை. பிறகு மறுபடி கழிப்பறைக் கூரைக்குப் போனார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பனி ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. இருமலா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மூக்கு மயிர் உறையும் குளிர். பொழுது விடியும்போதே மேற்குக் கரையிலிருந்து ஆட்கள் புள்ளி புள்ளியாக ஏரிமேல் நடந்து வந்தார்கள். கடப்பாறை, கோடரி, கொக்கி மாட்டிய கழிகள், சறுக்கு வண்டிகள், பிள்ளைகள், நாய்கள். பாதிரியார் தன் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வந்திருந்தார். தார்யெய் ஆலையிலிருந்து ஒரு பெரிய வட்ட ரம்பத்தைச் சறுக்குப் பலகைமேல் பொருத்திக் கொண்டுவந்திருந்தான். இரண்டு வாரமாக யாருக்கும் சொல்லாமல் அதைச் செய்திருக்கிறான். அன்று காபி குடிக்காமல் போனவன் தன்னை நினைத்துத்தான் வெட்கப்பட்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கம்பெனி அனுப்பிய ஆள் வைதாஸ். லிதுவேனியாக்காரர். எங்கள் மொழியில் அவருக்கு மொத்தம் ஒரு கைப்பிடிச் சொற்கள் தெரியும், ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் வைப்பார். கேபிள் உருளையைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, தன் குழந்தையைப் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரேபென்னும் வந்திருந்தார். நகரத்துக் காலணியோடு. பெர்கித் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, தன் கணவர் விட்டுப்போன கம்பளிக் காலணியைக் கொண்டுவந்து போட்டாள்.

"மாட்டிக்கப்பா. வெரலு போச்சுன்னா மானியத்துல திரும்பக் குடுக்க மாட்டாங்க."

"எனக்கு இன்னும் புரியலம்மா" என்றார் பிரேபென், குனிந்து காலணியைக் கட்டிக்கொண்டே. "இவ்வளவு பேரு வேணும்னு நெனச்சவங்க அன்னைக்கு ஏன் வாயே தொறக்கல?"

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்போம்ல" என்றாள் பெர்கித். அவர் கையில் ஒரு கடப்பாறையைக் கொடுத்து வரிசையில் நிறுத்தினாள்.

ரம்பம் அலறிக்கொண்டு முன்னே போனது. பின்னால் ஆட்கள் பனிக்கட்டித் துண்டுகளைக் கழியால் அழுத்தி ஓரத்துக்கு அடியில் தள்ளினார்கள். கறுப்புத் தண்ணீர் ஆவி விட்டது. ஓஸ்முண்டால் அறுக்க முடியாது, தள்ள முடியாது. முந்தைய நாளே பாதை முழுவதும் துளையிட்டுத் தடிமன் பார்த்து, பைன் கிளைகளை நட்டுக் கோடு போட்டிருந்தார், ஒவ்வொரு கிளைக்கும் இடையில் சறுக்கு வண்டியில் உட்கார்ந்து ஓய்வெடுத்து. அன்று அந்தக் கோட்டின் மேல்தான் ரம்பம் போனது. நான் கரையில் பெரிய அடுப்பு மூட்டி வாஃபிள் சுட்டேன். சுடச்சுட எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால், அவர்கள் வரிசைக்குக் கொண்டுபோவதற்குள் அது பலகையாகிவிடும். யாரும் குறை சொல்லவில்லை. பாதிரியார் மட்டும், அப்பத்தைப் பிட்டதுதான் வேதத்தில் இருக்கிறது, உடைத்ததாக இல்லை என்றார்.

மதியத்துக்குள் பிளவு எங்கள் கரையைத் தொட்டது. ஆனால் நடுவில், காலையில் அறுத்த இடத்தில், தண்ணீர்மேல் மறுபடியும் மெல்லிய பனி ஆடை படியத் தொடங்கியிருந்தது. காற்றும் எழுந்தது. வைதாஸ் வேகமாக நடந்தார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. கேபிளைப் பிளவுக்குப் பக்கத்திலேயே பனிக்கட்டிமேல் கரைக்குக் கரை படுக்க வைத்தாயிற்று. எல்லோரும் கடப்பாறையைப் போட்டுவிட்டு இடைவெளிவிட்டு வரிசையாக நிற்க வேண்டும். நானும் அடுப்பை விட்டுவிட்டுப் போனேன். எங்கள் கரைக்குப் பக்கத்தில் எனக்கு இடம். எனக்கும் கிழக்கே கடைசி ஆளாக ஓஸ்முண்ட், சறுக்கு வண்டியில் உட்கார்ந்தபடி, கேபிளை மடியில் வைத்துக்கொண்டு.

எதிர்க் கரையில் நிற்பவர் முகம் தெரியாத தூரம். குரல் காற்றில் போய்ச் சேராது. எல்லோரும் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வைதாஸ் பனி ஸ்கூட்டரில் வரிசை நெடுகப் போய் ஒவ்வொருவரிடமும் அதே சொற்களைச் சொன்னார்.

"ஒரு கை கேபிள். ஒரு கை மேல. எல்லாக் கையும் மேல, அப்புறம் நான் விசில். விசில்னா விடு."

மேற்குக் கரையிலிருந்து தொடங்கியது. முதலில் யாரோ, தார்யெய்யாக இருக்கலாம். அப்புறம் அடுத்தவர். அதற்கடுத்தவர். சிவப்புக் கையுறை, நீலக் கையுறை, சாம்பல் கையுறை, ஏரியின் குறுக்கே ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பள்ளிப் பிள்ளைகள் நடுவில் இரண்டு கையையும் தூக்கிவிட்டு அதட்டு வாங்கினார்கள். பாதிரியார். தலைமையாசிரியை. கம்பளிக் காலணியில் பிரேபென். ஈவர், பெர்கித். நான் என் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஓஸ்முண்ட் கையைத் தூக்கிக்கொண்டு, அந்த நீண்ட வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாரா, வேறு ஏதாவதா, தெரியாது. எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு முன்னால் இத்தனை கைகளை யாரும் ஒன்றாகப் பார்த்ததில்லை.

விசில் கேட்டது. விட்டோம். கேபிள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தெறிக்காமல் கறுப்புக்குள் இறங்கிப் போனது.

வைதாஸ் எங்கள் தொழுவத்தில் உட்கார்ந்து முனையைச் சீவி, ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் நெருக்கியடித்து நின்றோம். மேற்குக் கரையிலிருந்து அனுப்பிய ஒளி முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. கட்டை விரலைத் தூக்கினார். தார்யெய் ஓஸ்முண்டின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "இதுக்குத்தான் வாயைத் தொறந்து கேக்கணும்ங்கறது" என்றான். "கேட்டேன்ல" என்றார் ஓஸ்முண்ட். அன்று தார்யெய் எங்கள் வீட்டில் நான்கு கோப்பை காபி குடித்தான்.

ஜூனில் திறப்பு விழா. மேற்குத் துறையில் மாவட்டத்துக்காரர் ஒருவர் ரிப்பன் வெட்டினார். அரசும் தனியாரும் கைகோத்ததன் விளைவு இது என்று பேசினார். கூட்டத்தில் பெர்கித் சற்று உரக்கவே, "கைன்னு சொன்னாரு பாரு, அதுவரைக்கும் சரி" என்றாள். பக்கத்தில் நின்ற பிரேபென் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியும். மாவட்டத்துக்காரர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. பணம் இல்லாமல் கேபிள் இல்லை, கம்பெனி இல்லாமல் வைதாஸ் இல்லை. ஆனால் அது ஏரியின் அடியில் கிடப்பது எங்களால்.

அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு முதல் வேலையாக ஐந்தாம் வகுப்புப் பூகோளப் புத்தகம் வந்தது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து திருத்தினேன். எதிரே ஓஸ்முண்ட். பனியாறு பற்றிய பக்கத்தில் ஒரு படம் தலைகீழாக இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பாறை, மலை, சுரங்கம் எது வந்தாலும் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். நகரத்து வீட்டைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. பிராணவாயு இயந்திரம் வீட்டுக்கு வந்தது, செவிலி திரையில் வந்து பேசினாள், ஈவரின் தொழுவத்துக்கு லைன் வழியே இயங்கும் பால் கறக்கும் இயந்திரம் வந்தது. ஐந்து குளிர்காலம் அப்படிப் போனது. ஆறாவதில், மார்ச் மாதம், எங்கள் படுக்கையறையில், ஏரி தெரியும் ஜன்னல் பக்கம் தலை வைத்து அவர் போய்ச் சேர்ந்தார். பனிக்கட்டி அப்போதும் உறுதியாக இருந்தது. சவப்பெட்டியைச் சறுக்கு வண்டியில் வைத்து ஏரி மேலாகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனோம், அவர் கிளை நட்ட அதே கோட்டில். தார்யெய் முன்னால் நடந்தான். அடியில் லைன் இருந்தது. அதன்மேல் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

போன நவம்பரில் மன்றத்தில் மறுபடி ஒரு கூட்டம். இந்தத் தடவை வேறு கம்பெனி, புது மானியம். மலைக்கு மேலே ஸ்கார் என்ற இடத்தில் நான்கு பண்ணைகள் இன்னும் லைன் இல்லாமல் இருக்கின்றன. கம்பெனியிலிருந்து வந்த இளம்பெண் படம் காட்டினாள், நன்றாக விளக்கினாள். எனக்கு அன்று வாஃபிள் முறை இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மன்றத்துக் கணப்பு இன்னும் சூடேறாது என்று தெரிந்து ஓஸ்முண்டின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தேன்.

"ஸ்கார்ல யாருக்கெல்லாம் லைன் வேணும்? கை தூக்குறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

ஸ்கார்க்காரர்கள் நான்கு குடும்பமும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி தன் மோதிரத்தைத் திருகினாள். அந்தப் பெண் குனிந்து எதையோ குறிக்கப் போனாள்.

அந்தச் சட்டையின் கை எனக்கு நீளம். விரல் நுனிகூட வெளியே தெரியாது. இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டு, கையைத் தூக்கினேன்.

"நீங்க ஸ்காரா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல" என்றேன். "எனக்கு இருக்கு. அவங்களுக்கு வேணும்."

பின்னால் நாற்காலி முனகியது. திரும்பாமலே தெரியும், அது தார்யெய்யின் கை. அப்புறம் பெர்கித். அப்புறம் மன்றம் முழுக்க. கடைசியாக, தொப்பியை மடியில் வைத்துவிட்டு, ஸ்கார்க்காரன்.